லாட்ஜில் கவிதை வாசித்தால் என்ன?



தலைப்பைப் பார்த்ததும் "பி.காம் படிக்கிறவனுக்குக் கவிதை எதுக்குடா?" என்று கேட்கப் போகிறவர்கள் என் வகுப்பிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கவிதையைப் பற்றிய கட்டுரை இல்லை. கவிதை வாசிக்கிற இடத்தைப் பற்றிய கட்டுரை. அந்த இடத்துக்கு யார் வாடகை கொடுப்பது, ராத்திரிச் சாப்பாட்டை யார் போடுவது, கடைசி பஸ் போய்விட்டால் எங்கே படுப்பது, இதுதான் விஷயம். கணக்குப்பிள்ளை எழுதுகிற இலக்கியக் கட்டுரை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

என் கருத்து இதுதான். மங்கலம்பேட்டை, விருத்தாசலம் மாதிரி ஊர்களில் இலக்கியக் கூட்டம் நடத்த வீடும் சரிப்படாது, கல்யாண மண்டபமும் சரிப்படாது. பத்துப் பன்னிரண்டு ரூம் உள்ள ஒரு சின்னத் தங்கும் விடுதிதான் சரியான இடம். மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போதும்.

சிரிக்காதீர்கள். நம் ஆட்களுக்கு இது புதிதே இல்லை.

வீடு என்ற சத்திரம்

தமிழில் நல்ல இலக்கியப் பேச்சு பலவும் யாரோ ஒருவர் வீட்டில், யாரோ ஒருவர் போட்ட சாப்பாட்டில்தான் நடந்திருக்கிறது. 1920களில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் வீட்டில் கூடிய 'வட்டத்தொட்டி' பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேடை, தலைவர், வரவேற்புரை எதுவும் கிடையாது. வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கம்பனைப் பாடிப் பாடி ரசித்தார்கள். பிறகு அவர் குற்றாலத்துக்குக் குடிபோனார். ராஜாஜி, கல்கி போன்றவர்கள் அங்கே விருந்தாளிகள். 1954ல் டி.கே.சி. காலமாகும் வரை அந்த வீடு அருவிக்கு வருகிற ரசிகர்களின் விருந்தினர் விடுதி மாதிரியே இருந்தது. அதே குற்றாலத்தில் பின்னாளில் கவிஞர் கலாப்ரியா 'பதிவுகள்' என்ற பெயரில் எழுத்தாளர்களைக் கூட்டித் தங்கவைத்துப் பேச வைத்தார்.

நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி வீட்டு 'காகங்கள்' கூட்டங்கள், திருவண்ணாமலையில் பவா செல்லதுரை - கே.வி.ஷைலஜா வீட்டு உபசரிப்பு என்று இந்த வரிசை நீளும்.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுவான அம்சம் உண்டு. கூட்டம் முடிந்ததும் யாரும் பஸ்ஸுக்கு ஓடவில்லை, தங்கினார்கள். இலக்கியக் கூட்டத்துக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மைக்கில் பேசியது அவர்களுக்கு நினைவிருக்காது. ராத்திரி இட்லிக்குப் பிறகு மொட்டை மாடியில் பேசியதைத்தான் சொல்வார்கள்.

அப்புறம் வீட்டிலேயே நடத்தலாமே?

நடத்தலாம். ஆனால் மூன்று சிக்கல்.

முதலாவது, அடுப்படி. பதினைந்து பேருக்கு ஒருவர் விருந்து வைத்தார் என்று எழுதுகிறோம். சமைத்தவர் பெயரை எழுதுவதில்லை. திண்ணையில் கவிதை நடக்கும்போது உள்ளே ஒரு அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருப்பார். அவருக்கும் ஒரு கவிதை பிடித்திருக்கலாம். கேட்க விடவில்லையே நாம்?

இரண்டாவது, வாசல்படி. நம் ஊரில் வீடு என்றால் தெரு, தெரு என்றால் சாதி. யார் வீட்டுக்குள் யார் தயங்காமல் நுழையலாம் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கூப்பிட்டவர் நல்லவராக இருந்தாலும் வருகிறவனுக்குக் கால் கூசும். விடுதி அப்படி இல்லை. நம் அரசியல் சட்டத்தின் 15வது பிரிவு, கடைகள், உணவகங்கள், விடுதிகள், பொது கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் மதம், சாதி, பால், பிறந்த இடம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. வீட்டு வாசலுக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. வாடகையை எழுதிப் போட்ட போர்டு ஒரு விதத்தில் சமத்துவப் பலகை. காசு கொடுத்தால் நாற்காலி, அவ்வளவுதான். நடைமுறையில் விடுதிகளும் பாகுபாடு பார்ப்பதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே "இது தப்பு" என்று சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியும்.

மூன்றாவது, ஆயுள். வீட்டுக் கூட்டம் ஒருவரை நம்பி நடக்கிறது. அவருக்கு உடம்பு முடியவில்லை, ஊர் மாறிவிட்டார் என்றால் கூட்டமும் போச்சு.

மண்டபம்?

மண்டபத்தில் மேடை இருக்கிறது. மேடை இருந்தால் தலைவர் வேண்டும், முன்னிலை வேண்டும், வாழ்த்துரை வேண்டும். ஆறு பேருக்குப் பொன்னாடை போர்த்தி முடிக்கும்போது மணி எட்டு. கவிஞருக்குக் கடைசிப் பத்து நிமிடம். அதற்குள் மங்கலம்பேட்டைக்காரன் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். உளுந்தூர்பேட்டை பஸ்ஸை விட்டால் அவன் பாடு திண்டாட்டம். பெண்கள் ஏழு மணிக்கே கிளம்பியிருப்பார்கள். மிச்சம் இருப்பது பேசியவர்களும் மைக் செட்காரரும்.

விடுதிக்கு என்ன லாபம்?

இங்கேதான் என் பாடப் புத்தகம் உதவுகிறது. காலி ரூம் என்பது தக்காளியை விட மோசமான சரக்கு. தக்காளியை நாளைக்காவது பாதி விலைக்கு விற்கலாம். இன்று ராத்திரி காலியாகக் கிடந்த ரூமை நாளைக்கு யாரிடமும் விற்க முடியாது. வாடகை, சம்பளம், கடன் வட்டி எல்லாம் நிலைச் செலவு. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

விருத்தாசலம் விடுதிகளுக்கு முகூர்த்த நாள் உண்டு, மாசி மகம் உண்டு, கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்ட வருகிறவர்கள் உண்டு, பீங்கான் சரக்கு எடுக்க வருகிற வியாபாரிகள் உண்டு. ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் இந்துக்கள் கல்யாணம் வைப்பதில்லை. அந்த இரண்டு மாதத்தில் ஆரம்பித்துப் பார்க்கலாமே?

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எண்கள் எல்லாம் நானாக வைத்துக்கொண்டவை. 25 பேர் வருகிறார்கள், தலைக்கு 150 ரூபாய், மொத்தம் 3750. கவிஞரையும் சேர்த்து 26 பேருக்கு டீயும் டிபனும் தலைக்கு 80 என்றால் 2080. மிச்சம் 1670. காலியாக இருக்கும் ஆறு ரூமில் ஒன்று கவிஞருக்கு இலவசம். மற்ற ஐந்தில் ரூமுக்கு இரண்டு பேராகப் பத்துப் பேர், பாதி வாடகையாக 350க்குத் தங்குகிறார்கள், வரவு 1750. ஆறு ரூமுக்கும் துணி துவைக்க, சோப்பு, கரண்ட் என்று 150 வீதம் 900 போனால் மிச்சம் 850. இரண்டும் சேர்த்து 2520. ஹால் விளக்கு, மின்விசிறிக்கு 300, கவிஞர் வந்து போகும் செலவு 700, அவர் கையில் கவரில் வைத்துக் கொடுக்க 1000. மீதி 520 ரூபாய்.

வெறும் 520 தானா என்றால், ஆமாம். ஆனால் கூட்டம் இல்லையென்றால் அந்த ரூம்கள் சம்பாதித்திருக்கக் கூடியது பூஜ்யம்.

15 பேர் மட்டும் வந்து, மூன்று ரூம் மட்டும் போனால்? அதே கணக்கில் 580 ரூபாய் நஷ்டம். இதை மறைக்க நான் விரும்பவில்லை, ஏனென்றால் இலக்கிய அமைப்புகள் சாவது இந்த 580 ரூபாயில்தான். முதல் மாதம் யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே கைக்காசைப் போடுவார். ஆறாவது மாதம் சிரிக்க மாட்டார். ஏழாவது மாதம் கூட்டம் இருக்காது. எனவே வழக்கமாக வருகிறவர்கள் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். விடுதிக்காரர் தலையில் கட்டக் கூடாது, கவிஞரின் கவரிலும் கை வைக்கக் கூடாது. மைக் செட்டுக்கும் பந்தலுக்கும் பேரம் பேசாமல் கொடுக்கிற நாம், எழுதியவரை மட்டும் சால்வையோடு அனுப்பிவிடுகிறோம். சால்வையை வைத்து எந்தக் கடையில் அரிசி வாங்குவது?

சாப்பாடு நேரத்துக்கு வர வேண்டும் என்பதையும் விடுதிக்காரர் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தில் சோறு வர விடியற்காலை ஆகும் என்று காளமேகப் புலவர் பாடியதாக ஒரு தனிப்பாடல் இருக்கிறது. சத்திரக்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்ச, அதே பாட்டுக்குப் புகழ்ச்சியாகவும் பொருள் சொன்னாராம். தமிழின் முதல் ஓட்டல் விமர்சனம் அதுதான் என்று நினைக்கிறேன் :-)

வெளியே எப்படி?

ஜெய்ப்பூர் இலக்கிய விழா 2006ல் தொடங்கியபோது அதற்கு இடம் கொடுத்தது டிக்கி பேலஸ் என்ற பழைய மாளிகை விடுதி. வருடா வருடம் கூட்டம் பெருகி, கடைசியில் அந்த இடம் கொள்ளாமல் 2022ல் வேறு பெரிய ஓட்டலுக்குப் போனது. எனக்கு அந்த மாதிரி வளர்ச்சியில் ஆசை இல்லை. பெரிய கூட்டத்தில் எழுத்தாளரைத் தூரத்திலிருந்து போட்டோ எடுக்கலாம், சந்தேகம் கேட்க முடியாது.

பாரிஸில் ஜார்ஜ் விட்மன் 1951ல் திறந்த புத்தகக் கடை எனக்கு இன்னும் பிடித்த உதாரணம். பின்னால் 'ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி' என்று பெயர் மாறிய கடை அது. ஊர் சுற்றி வரும் இளம் எழுத்தாளர்கள் புத்தக அலமாரிகளுக்கு நடுவே இலவசமாகப் படுத்துக்கொள்ளலாம். வாடகைக்குப் பதில் கடையில் கொஞ்ச நேரம் வேலை, தினம் ஒரு புத்தகம் படிப்பது, தன் வாழ்க்கையை ஒரு பக்கத்தில் எழுதித் தருவது. பண்டமாற்று! நம் விடுதியிலும் காசில்லாத மாணவன் நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டு 150 ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம்.

ஒரு கசப்பான விஷயம்

லாட்ஜ் என்றதும் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று தெரியும். காரணமும் தெரியும். ராத்திரி இலக்கியப் பேச்சு என்றாலே பாட்டில் என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. "அதெல்லாம் கலைஞர்கள் சுபாவம்" என்கிறார்கள். இருக்கட்டும். அந்தச் சுபாவத்தால் கூட்டத்துக்கு வராமல் போனவர்களை யாராவது எண்ணினார்களா? பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், வீட்டில் பொய் சொல்லிவிட்டு வர விரும்பாத என்னைப் போன்றவர்கள்.

ஊட்டியில் நித்ய சைதன்ய யதியின் நாராயண குருகுலத்தில் எழுத்தாளர் ஜெயமோகனும் நண்பர்களும் பல ஆண்டுகள் இலக்கிய முகாம் நடத்தினார்கள். குடிக்கக் கூடாது, எல்லா அமர்விலும் இருக்க வேண்டும், தனிநபர் தாக்குதல் கூடாது என்று விதிகளை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். கறாராக இருக்கிறார்களே என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அந்தக் கறார்தான் கதவைத் திறந்து வைக்கிறது. தனியாக வரும் பெண்ணுக்கு ரூம் இல்லை என்று கைவிரிக்கும் விடுதிகள் இருக்கிற நாட்டில், பெண்களுக்கென்று ஒரு தளம், தாழ்ப்பாள் சரியாக விழும் கதவு, இரவு முழுவதும் வரவேற்பில் ஒரு ஆள் என்று விடுதிக்காரர் உறுதி சொன்னால், அது ஐம்பது வாழ்த்துரைக்குச் சமம்.

ஏன் நம் ஊரில்?

ஏனென்றால் எழுத்து இங்கே இருக்கிறது. 'செல்லாத பணம்' நாவலுக்காக 2020ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது பெற்ற இமையம் இந்த வட்டாரத்துக்காரர். 'அஞ்சலை' எழுதிய கண்மணி குணசேகரன் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே நம் பேச்சு வழக்கையெல்லாம் திரட்டி 'நடுநாட்டுச் சொல்லகராதி' தந்தவர். பழமலய் 1988ல் 'சனங்களின் கதை' வெளியிட்டபோது நம் பக்கத்து சனங்களின் பேச்சே கவிதையாயிற்று. நம் பாட்டி பேசுகிற வார்த்தைக்கு அகராதி இருக்கிறது. ஆனால் அது இருப்பது தெரியாமல், அந்த வார்த்தையைப் பேசக் கூச்சப்பட்டுக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறுகிறோம்.

இவர்கள் பேச்சைக் கேட்க நான் ஏன் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போக வேண்டும்? முந்திரிக்காட்டைப் பற்றி எழுதியதை முந்திரிக்காட்டுக்குப் பக்கத்தில் வாசித்தால், கேட்கிறவன் "அது அப்படி இல்லண்ணே, இப்படி" என்று திருத்துவான். அந்தத் திருத்தம் எந்த விமர்சகரும் தர முடியாதது.

"யூடியூபில் எல்லாம் கிடைக்கிறதே" என்பீர்கள். 2020 ஊரடங்கில் ஜூமில் கவிதை கேட்ட தலைமுறைதான் நாமும். கிடைக்கிறது, சந்தோஷம். ஆனால் அங்கே நாம் யாரும் நம் நோட்டில் எழுதி வைத்திருக்கிற முதல் கவிதையை வாசித்துக் காட்டியதில்லை. அதற்கு எதிரே பத்து முகம் வேண்டும், அதில் ஒரு முகமாவது கொஞ்சம் வயதானதாக, அன்பானதாக இருக்க வேண்டும்.

"இந்த ஊரில் யார் வருவார்கள்?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிராது கட்ட இத்தனை பேர் வருகிறார்கள். மனதில் உள்ளதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து, கேட்க ஒருவர் இருக்கிறார் என்று நம்பி ஒப்படைப்பதுதானே பிராது? கவிதை வாசிப்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

வருகிற ஆடியில் முதல் சனிக்கிழமை. விடுதி வைத்திருக்கும் அண்ணன்மார் யாராவது இதைப் படித்தால் ஹாலையும் இருபத்தைந்து நாற்காலியையும் மட்டும் கொடுங்கள். கணக்கு நோட்டை நான் எழுதுகிறேன்.