தோற்ற பிள்ளையிடம் ‘ஏன்’ என்று கேட்டோமா?

போன மாதம் ஒரு மாவட்டப் போட்டி முடிந்து வெளியே வந்தபோது, வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு தகப்பனாரின் குரல் கேட்டது. “கைக்கு வந்த மேட்ச்டா அது! அந்த ரெண்டு பாயிண்ட்டை எப்படிடா விட்டே? இதுக்கா காலையில நாலரைக்கு எழுந்து உன்னைக் கூட்டிக்கிட்டு அலையறேன்?” பையனுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதிருக்கும். ராக்கெட் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான். வண்டி கிளம்பிப் போகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தத் தகப்பனாரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அதே சொற்களை என் மகளிடம் நானும் சொன்னவன்தான். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். அந்த இரண்டு பாயிண்ட் ஏன் போனது என்று நம்மில் எத்தனை பேர் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறோம்? ‘எப்படிடா விட்டே’ என்று கத்துகிறோமே, அதைக் கேள்வி என்று எந்தப் பிள்ளையும் எடுத்துக்கொள்வதில்லை. அடி என்றுதான் எடுத்துக்கொள்கிறது.

ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். ஸ்வீடன் நாட்டில், ஸ்டாக்ஹோமை அடுத்த ப்ரூ என்ற ஊரில் வளர்ந்தவள். பன்னிரண்டு வயதில் கோல்ஃப் மட்டையைப் பிடித்தாள். சிறுவர் போட்டிகளில் நன்றாக ஆடிக்கொண்டே வருவாள். முதலிடம் கைக்கெட்டும் நேரத்தில், கடைசிக் குழிகளுக்குப் பக்கத்தில், எளிதாக விழ வேண்டிய பந்தைத் தவறவிடுவாள். இரண்டாம் இடத்தோடு வீடு திரும்புவாள். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தாள். ஜெயித்தவர் கோப்பையை வாங்கிக்கொண்டு எல்லார் முன்னாலும் நாலு வார்த்தை பேச வேண்டும் என்பது அங்கே வழக்கம். அவளோ கூச்சத்தில் ஊறிய பிள்ளை. அந்த நாலு வார்த்தைக்குப் பயந்து கோப்பையையே விட்டுக்கொடுத்துவிட்டு வந்தாள். பெரியவளான பிறகு அவளே ஊரறியச் சொன்ன செய்தி இது.

அவள் பெயர் அன்னிகா சோரன்ஸ்டாம். பெண்கள் கோல்ஃபில் எல்.பி.ஜி.ஏ. என்கிற அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் 72 பட்டங்கள் வென்றவர். ‘மேஜர்’ என்று சொல்லப்படும் பெரும்பட்டங்கள் 10. ஆண்டின் சிறந்த வீராங்கனை விருது 8 முறை. இத்தனைக்கும் உரியவர், ஒரு காலத்தில் ஜெயிக்கப் பயந்து பந்தைத் தள்ளிவிட்ட சிறுமி.

அந்தச் சிறுமி நம் வீட்டில் பிறந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? “கடைசி நேரத்துல கோட்டை விடறதே உனக்கு வேலையாப் போச்சு” என்றிருப்போம். பிரஷர் தாங்காத பிள்ளை என்று உறவினர் முன்னால் முத்திரை குத்தியிருப்போம். கோச்சை மாற்றியிருப்போம், பயிற்சியை இன்னும் இரண்டு மணி நேரம் கூட்டியிருப்போம். நோய் ஓரிடத்தில் இருக்க வேறிடத்துக்கு மருந்து போட்டிருப்போம். இரண்டே வருடத்தில் மட்டை பரணுக்குப் போயிருக்கும்.

அங்கே அவளைக் கவனித்துக்கொண்டிருந்த பயிற்சியாளர்கள் செய்தது ஒன்றே ஒன்று. இரண்டாம் இடம் வந்தவரும் மேடையேறிப் பேச வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். அவள் யோசித்தாள். எப்படியும் பேசத்தான் போகிறோம் என்றால், ஜெயித்துவிட்டே பேசிவிடலாமே. அவ்வளவுதான். பயம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அது ஒளிந்துகொள்ளும் இடத்தை அடைத்தார்கள். அதற்கு ஒரு அதட்டல்கூடத் தேவைப்படவில்லை.

நம் பிள்ளைகளும் இப்படி எதையெதையோ மறைத்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள். எதிரில் நிற்பது உயிர்த்தோழி என்பதால் கை தளர்கிற பெண் உண்டு. மாதவிலக்கு நாளில் வெள்ளை உடையில் ஓடக் கூசுகிறவள் உண்டு. பலகையில் எழுதுவது தெரியாததுபோலவே பந்தும் மங்கலாகத் தெரிவதை வெளியே சொல்லாத பையன் உண்டு. என் மகள் மூன்றாவது கேமில் எப்போதும் தோற்றாள். ஸ்டாமினா போதவில்லை என்று முடிவுகட்டி ஒரு வருடம் அவளை ஓடவிட்டேன். ஒருநாள் அவள் அம்மா மெதுவாகக் கேட்டபோது சொன்னாள்: “மூணாவது கேமுக்கு முன்னாடி அப்பா கம்பிகிட்ட வந்து நிப்பார்மா. அவர் முகத்தைப் பாத்தாலே எனக்குக் கை ஓடலை.” அடுத்த போட்டியிலிருந்து கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஒரு வருட ஓட்டம் தராததை அந்த நாற்காலி மாற்றம் தந்தது. அந்த ஒரு வருடத்தை என்னால் அவளுக்குத் திருப்பித் தர முடியாது.

அடுத்த குற்றத்துக்கு வருகிறேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் குத்துகிறோம். அன்னிகாவுக்கு சார்லோட்டா என்று ஒரு தங்கை. முதலில் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு செட் மட்டைதான். கோல்ஃப் மட்டைகளுக்கு எண் உண்டு. ஒற்றைப்படை எண் மட்டைகள் அக்காவுக்கு, இரட்டைப்படை எண் மட்டைகள் தங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். இருவருமே தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆனார்கள். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஒரு பட்டத்தைத் தங்கை வென்றார். மறுவருடம் அதே போட்டியில்தான் அக்கா உலகமே பேசிய சாதனையைச் செய்தார்; அதைப் பின்னால் சொல்கிறேன். அக்காவுக்கு 72 பட்டங்கள், தங்கைக்கு அந்தச் சுற்றில் அந்த ஒன்றுதான். இந்தக் கணக்கை வைத்துத் தங்கையை எடைபோடுகிற பெற்றோராகத்தான் நாம் இருக்கிறோம். உலகின் முதல் தர ஆட்டக்காரிகள் எல்லாரையும் பின்னுக்குத் தள்ளி ஒரு வாரம் ஜெயிப்பது என்ன சாதாரணமா? “அக்காவைப் பாரு” என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும், தங்கையின் பையிலிருந்து ஒரு மட்டையை நாம் உருவிப் போடுகிறோம்.

இன்னொன்று, அவசரம். ஆறு வயதில் ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுத்து, எட்டு வயதில் ரேங்க் பார்த்து, பத்து வயதில் “இதுக்கு மேல தேறுமா?” என்று கோச்சிடம் கேட்கிறோம். அன்னிகா முதலில் கோல்ஃப் ஆடவே இல்லை. டென்னிஸ் ஆடினார், தேசிய அளவில் பெயர் சொல்லும்படி ஆடினார். பனிச்சறுக்கில் அவருக்கிருந்த திறமையைப் பார்த்துவிட்டு, வடக்கு ஸ்வீடனுக்குக் குடிபெயரலாமே என்று தேசிய அணியின் பயிற்சியாளரே யோசனை சொன்னார். டென்னிஸில் அத்தனை வருடம் உழைத்த பெண்ணால், அதை விட்டு விலக நினைத்தபோது விலக முடிந்தது. நம் வீடுகளில் முடியுமா? “இவ்வளவு செலவு பண்ணியாச்சே” என்ற ஒரு வாக்கியத்தை வைத்து, பிடிக்காத ஆட்டத்தில் பிள்ளைகளைக் கட்டிப்போடுகிறோமே!

அப்படியென்றால் பிள்ளை சொன்னபடியெல்லாம் ஆட வேண்டுமா என்று கேட்பீர்கள். இல்லை. அன்னிகாவின் அப்பா டாம், ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலைபார்த்தவர். ஒருநாள் மழை. பயிற்சியை விட்டுவிட்டு, வந்து கூட்டிப்போகும்படி மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவர் வந்து ஏற்றிக்கொண்டார். கிளம்பும்போது பார்த்தால் வேறு சில பிள்ளைகள் மழையிலும் பந்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். வெற்றிக்குக் குறுக்குவழி கிடையாது என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார் அப்பா. அந்த வாக்கியத்தை மகள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். முதலில் வந்து அழைத்துப்போனதால்தான் அந்தச் சொல் உள்ளே இறங்கியது. நாம் ஒரு மணி நேரம் பேசுகிறோம், எதுவும் இறங்குவதில்லை.

இனி அவருடைய வளர்ச்சியைப் பாருங்கள். அரிசோனா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடினார். 1991-இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையேயான தனிநபர் பட்டத்தை, படிக்கப்போன முதல் வருடத்திலேயே வென்றார். பத்தாம் வகுப்பு வந்ததும் ஆட்டத்தை நிறுத்திவிடுகிற பெற்றோர் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். படிப்பும் ஆட்டமும் ஒன்றையொன்று விழுங்கவில்லை. 1995-இல் எல்.பி.ஜி.ஏ. சுற்றில் அவருடைய முதல் வெற்றியே அமெரிக்கப் பெண்கள் ஓபன். 1996-இல் மீண்டும் அதையே வென்றார்.

ஸ்வீடனின் தேசியப் பயிற்சியாளராக இருந்த பியா நில்சன் அந்நாட்டு ஆட்டக்காரிகளுக்கு ஒரு கனவைத் தந்திருந்தார். ஒரு சுற்றுக்கு 18 குழிகள். திறமையான ஆட்டக்காரர் இத்தனை அடியில் முடிக்கலாம் என்று ஒவ்வொரு குழிக்கும் கணக்கு உண்டு, மொத்தம் பெரும்பாலும் 72 அடி. குழிக்கு ஒன்று குறைத்தால் 54. தனித்தனியாக ஒவ்வொரு குழியிலும் அப்படிக் குறைத்திருக்கிறீர்களே, ஒரே நாளில் 18-லும் குறைத்தால் என்ன என்பது அவர் வாதம். 2001 மார்ச் 16 அன்று, ஃபீனிக்ஸில், அன்னிகா முதல் எட்டுக் குழிகளிலும் தொடர்ந்து ஒவ்வோர் அடி குறைத்தார். அன்று அவர் சுற்றை முடித்தது 59 அடியில். எல்.பி.ஜி.ஏ. வரலாற்றில் 60-க்குக் கீழே போன முதல் பெண் அவர்தான். பிள்ளையின் கூரையை நாம் தாழ்த்திக் கட்டாமல் இருந்தாலே போதும், அது எதுவரை வளரும் என்பது பிறகு தெரியும்.

தோல்வியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2003 மே மாதம் டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில் நடந்த கலோனியல் போட்டியில், ஆண்களோடு அவர் ஆடினார். 1945-இல் பேப் ஜஹாரியாஸ் என்ற வீராங்கனை ஆடிய பிறகு, ஆண்களின் பி.ஜி.ஏ. சுற்றில் இறங்கிய முதல் பெண். அவர் வரவே கூடாது என்று வெளிப்படையாகச் சொன்ன ஆண் ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். இரண்டு நாளில் 71, 74 அடிகள். அடுத்த கட்டத்துக்குத் தகுதிபெறவில்லை. இரண்டாம் நாள் முடிவில் கண்ணீரோடு வெளியேறினார், கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அடுத்த மாதமே எல்.பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பையும், ஆகஸ்டில் பெண்கள் பிரிட்டிஷ் ஓபனையும் வென்றார். நம் பிள்ளை தன்னைவிட இரண்டு வயது மூத்தவர்களோடு ஆடித் தோற்று வந்தால், “உனக்கு எதுக்கு இந்த வேலை? மானம் போச்சு” என்கிறோம். யாருடைய மானம்? பிள்ளை தன் எல்லையைத் தொட்டுப் பார்க்கப் போனது. மானத்தை அங்கே கொண்டுபோய் வைத்தவர்கள் நாம்தான்.

2008-இல், 38 வயதில், இன்னும் ஜெயித்துக்கொண்டிருந்தபோதே அவர் ஆட்டத்திலிருந்து விலகினார். குடும்பம் வேண்டும் என்றார். இரண்டு குழந்தைகள் பிறந்தார்கள். 2021-இல், 50 வயதில், அமெரிக்க மூத்தோர் பெண்கள் ஓபனில் ஆட வந்தார். கணவர் பையைச் சுமந்து கூடவே நடந்தார். 8 அடி வித்தியாசத்தில் வென்றார். ஆட்டத்தின்மேல் வெறுப்பு வராமல் வளர்ந்தவரால்தான் இப்படித் திரும்பி வர முடியும். நாம் கசக்கிப் பிழிந்து வளர்த்த பிள்ளைகளில் எத்தனை பேர் இருபது வயதுக்குப் பிறகு மட்டையைக் கையால் தொடுகிறார்கள்? தெருவில் பாருங்கள், தெரியும்.

அவர் சேர்த்துவைத்திருப்பது கோப்பைகளை மட்டுமில்லை. 2007-இல் தொடங்கிய அறக்கட்டளை மூலம் சிறுமிகளுக்கென்றே போட்டிகள் நடத்துகிறார். அங்கே ஆடிய பெண்கள் இன்று தொழில்முறைச் சுற்றில் இருக்கிறார்கள். 2021-இல் சர்வதேச கோல்ஃப் கூட்டமைப்பின் தலைவர் பொறுப்பையும் ஏற்றார். மேடையும் ஒலிவாங்கியும் இன்று அவருடைய வேலையின் ஒரு பகுதி. நாலு வார்த்தை பேசப் பயந்து பந்தைத் தள்ளிவிட்ட அதே பெண்தான். அன்று அந்தப் பயத்தைச் சோம்பல் என்றோ திறமைக்குறைவு என்றோ யாராவது தீர்ப்பு எழுதியிருந்தால், இந்தப் பெயர் நமக்குத் தெரிந்தே இருக்காது.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளை அன்னிகாவாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 72 பட்டங்களை நினைத்து அதன் தலையில் இன்னொரு சுமையை ஏற்றிவிடாதீர்கள். நான் கேட்பது சிறிய காரியம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளை தோற்று வெளியே வரும். அப்போது முதலில் தண்ணீர் கொடுங்கள். வண்டியில் ஆட்டத்தைப் பற்றிப் பேசாதீர்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடிக்கட்டும். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, “என்னம்மா ஆச்சு?” என்று ஒருமுறை கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயைத் திறக்காமல் இருங்கள். ஒரு வாரம் ஆனாலும் இருங்கள்.