சம்பந்தம் பேசுமுன் ஓர் இரத்தப் பரிசோதனை: டொக்டர் வெதரோலின் வாழ்க்கை நமக்குச் சொல்வது

பதிவு கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் கலியாண வயதில் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் தயவு செய்து கடைசி வரை வாசியுங்கள்.

ஒரு சம்பந்தம் பேசும்போது நாம் எத்தனை விடயங்களை விசாரிக்கிறோம்! மாப்பிள்ளைக்கு என்ன தொழில், பொண்ணுக்கு வீடு இருக்கா, வாப்பா எந்த ஊர், உம்மா எந்தக் குடும்பம், பையன் தொழுகையாளியா, வெளிநாடு போகிற எண்ணம் உண்டா என்று ஒன்றும் விடுவதில்லை. ஒரேயொரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. இரண்டு பேரும் தலசீமியாவுக்கு இரத்தம் சோதித்துப் பார்த்தார்களா? கேட்டால் வெட்கம். கேட்டவரையும் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்போம்.

இந்த வெட்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. ஒரு பெரிய சாம்ராஜ்யத்தின் இராணுவத்துக்கே இருந்தது. அந்தக் கதையிலிருந்து தொடங்குவோம்.

டேவிட் வெதரோல் 1933ஆம் ஆண்டு லிவர்பூலில் பிறந்தவர். அங்கேயே மருத்துவம் படித்து 1956இல் டொக்டரானார். அக்காலத்தில் பிரித்தானிய இளைஞர்களுக்குக் கட்டாய இராணுவ சேவை இருந்தது. அதற்காக அவர் சிங்கப்பூர் அனுப்பப்பட்டார். நமது திருகோணமலைத் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படை இருந்த கடைசிக் காலமும் அதை ஒட்டியதுதான். 1957இல் அவர்கள் இங்கிருந்து போய்விட்டார்கள்.

சிங்கப்பூர் இராணுவ வைத்தியசாலையில் அவர் பார்த்த நோயாளிகளில் கூர்க்கா சிப்பாய் ஒருவரின் மகளும் இருந்தாள். கடுமையான இரத்தச்சோகை. இரத்தம் ஏற்றி ஏற்றியே பிள்ளையின் உயிரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. காரணம் ஒருவருக்கும் தெரியவில்லை. வெதரோல் விடவில்லை. அங்கிருந்த பல்கலைக்கழகத்தில் பிராங் வெல்லா என்ற உயிர்இரசாயனவியலாளரின் உதவியைத் தேடினார். வசதியான ஆய்வுகூடமும் இல்லை. கார் பெட்டரியில் மின்சாரம் எடுத்து, வடிதாளில் இரத்தத்தின் ஈமோகுளோபினைப் பிரித்துப் பார்த்தார்கள். வந்த விடை தலசீமியா. மத்தியதரைக் கடல் நாட்டவரின் நோய் என்றே அதைப் பெரும்பாலானோர் நினைத்திருந்த காலம் அது. நேபாளத்துக் குடும்பத்தில் எப்படி வந்தது?

அதை அவர் கட்டுரையாக்கினார். 1960இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியானது. பாராட்டு வந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இராணுவ மேலிடத்திலிருந்து வந்தது கண்டனம். தமது வீரம்மிக்க படையினரின் குடும்பத்தில் பரம்பரை நோய் உண்டென்று ஊரறிய எழுதியது அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், "குடும்ப மானம் போய்விட்டது."

வெதரோல் அந்தப் பிள்ளையின் கட்டிலருகே எழுந்த கேள்வியை வாழ்நாள் முழுக்கச் சுமந்தார். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் போனார். ஈமோகுளோபினில் அல்பா, பீற்றா என்று இரண்டு வகைச் சங்கிலிகள் சம அளவில் சேர வேண்டும். இந்த நோயில் ஒன்று குறைகிறது. மற்றது மிஞ்சிப்போய்ச் செங்குழியங்களை உள்ளிருந்தே அழிக்கிறது. இதை 1965இல் அவரும் சகாக்களும் அளந்து காட்டினார்கள். பின்னர் லிவர்பூல், 1974இலிருந்து ஒக்ஸ்போர்ட். நோயாளியைப் பார்க்கும் டொக்டரும் பரம்பரையலகை ஆராயும் விஞ்ஞானியும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று சொல்லி, 1989இல் வைத்தியசாலை வளவுக்குள்ளேயே மூலக்கூற்று மருத்துவ நிறுவனம் ஒன்றை உருவாக்கினார். இன்று அது அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. 2010இல் மருத்துவத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான லாஸ்கர் விருது கிடைத்தது. 2018இல் காலமானார்.

இவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடியான சம்பந்தமே உண்டு. புகழ் வந்தபிறகும் அவர் நமது நாட்டுக்குத் திரும்பத் திரும்ப வந்தார். குருநாகல் வைத்தியசாலையின் தலசீமியா நோயாளிகளை களனிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அனுஜ பிரேமவர்தன போன்ற நமது வைத்தியர்களுடன் சேர்ந்து வருடக்கணக்கில் ஆராய்ந்தார். ஷாந்திமாலா டி சில்வாவும் இவர்களும் சேர்ந்து 2000ஆம் ஆண்டு லான்செட் சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வுக்காக, நாட்டின் பல பாகங்களிலிருந்து 1600 பாடசாலைப் பிள்ளைகளின் இரத்தம் பரிசோதிக்கப்பட்டது. எந்நேரமும் சிகிச்சை தேவைப்படும் தலசீமியா நோயாளிகள் இலங்கையில் 2000 பேருக்கு மேல் இருப்பார்கள், அவர்களில் சுமார் 40 சதவீதத்தினருக்கு ஈமோகுளோபின் ஈ சேர்ந்த வகை இருக்கும் என்று அந்த ஆய்வு கணித்தது.

அந்த வகை நோயாளிகளிலே சிலர் மிக மோசமாகவும் சிலர் ஓரளவு நன்றாகவும் இருப்பது ஏன் என்பதையும் குருநாகலில்தான் கவனித்தார்கள். மாதாமாதம் இரத்தம் ஏற்றப்பட்டு வந்த சிலருக்கு உண்மையில் அது தேவையில்லை என்பதும் தெரியவந்தது.

இனி நமது வீட்டுக்கு வருவோம்.

சாதாரண தர விஞ்ஞானத்தில் நாங்கள் மெண்டலின் பட்டாணியைப் படிப்பிக்கிறோம். பிள்ளைகள் பெட்டி கீறி விடை எழுதிப் புள்ளியும் எடுக்கிறார்கள். அதே பெட்டிதான் தலசீமியாவுக்கும். பெற்றோரில் ஒருவர் மட்டும் காவி என்றால் பிள்ளைக்குக் கடும் நோய் வராது. இருவரும் காவிகள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது" என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அது பிழையான கணக்கு. நாணயத்தைச் சுண்டும்போது முன்பு விழுந்தது பூவா தலையா என்று அதற்கு ஞாபகம் இருக்காது.

நோய் வந்த பிள்ளையின் வாழ்க்கை எப்படி? மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்திலுள்ள இரும்பை வெளியேற்ற உடம்புக்கு வழி தெரியாது. அது இதயத்திலும் ஈரலிலும் படியும். அதை அகற்ற வயிற்றுத் தோலில் ஊசி குத்தி, சிறிய பம்ப் ஒன்றின் மூலம் இரவிரவாக மருந்து செலுத்துவார்கள். இப்போது குளிசைகளும் உண்டு. எதுவானாலும் வாழ்நாள் முழுக்க. வேலையை விட்டுவிட்டு வார்ட்டில் காத்திருக்கும் உம்மாவை நினைத்துப் பாருங்கள்.

காவி என்பவர் நோயாளி அல்ல. அவர் நன்றாக ஓடுவார், உழைப்பார், பிள்ளை பெறுவார். அவர் காவி என்பதே பரிசோதிக்காமல் தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பரம்பரையலகு மலேரியாக் காய்ச்சலிலிருந்து பாதுகாப்புத் தந்ததால்தான் மலேரியா இருந்த நாடுகளில் இப்படிப் பரவியது. வெதரோலின் ஒக்ஸ்போர்ட் குழுவினர் பசுபிக் தீவுகளில் இதற்கு ஆதாரம் காட்டினார்கள். நமது வரண்ட வலயத்தில் மலேரியா எத்தனை வீடுகளை அழவைத்தது என்று மூத்தவர்களைக் கேளுங்கள். இலங்கையில் மலேரியா ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது 2016இல்தான். ஆகவே காவியாக இருப்பதில் அசிங்கம் ஏதுமில்லை. நமது முன்னோர் காய்ச்சலில் தப்பிப் பிழைத்த கதையின் மிச்சம் அது.

இதற்கு வரும் மறுப்புகள் நமக்குத் தெரியும்.

"மாமி மகனை, மாமா மகளைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுகிறோம், என்ன நடந்தது?" சொந்தத்தில் கட்டுவதால் இந்தப் பரம்பரையலகு புதிதாக உண்டாவதில்லை. ஒரே குடும்பத்தில் இருவரிடமும் அது இருக்க வாய்ப்புக் கூடுகிறது, அவ்வளவுதான். அந்நியத்தில் கட்டினாலும் இருவரும் காவிகளாக இருக்கலாம். எனவே நாம் சொந்தக் கலியாணத்தைத் தடுக்கச் சொல்லவில்லை. சோதிக்கச் சொல்கிறோம்.

"எல்லாம் அல்லாஹ்வின் கத்ர்." சந்தேகமே இல்லை. ஆனால் சிரியாவில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டு, பலரிடமும் ஆலோசித்துவிட்டு உமர் (ரழி) அவர்கள் பாதியில் திரும்பியதை நமது மௌலவிமார் பயானில் சொல்லியிருக்கிறார்கள். அறிந்த ஆபத்தைத் தவிர்ப்பது கத்ரை மறுப்பதாகாது. ஈரான் 1997இலும் சவூதி அரேபியா 2004இலும் திருமணத்துக்கு முன் இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கின. முடிவைத் தெரிந்துகொண்ட பின்னரும் கலியாணம் செய்வதா இல்லையா என்பது அந்த இருவரின் விருப்பம். இலங்கைச் சட்டம் தாயின் உயிருக்கு ஆபத்து என்றாலன்றிக் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. ஆகவே கர்ப்பத்தில் சோதிப்பதைவிட, நிக்காஹ்வுக்கு முன்னர் சோதிப்பதே நமக்குப் பொருத்தமான வழி.

மூன்றாவது மறுப்புத்தான் மிகவும் நியாயமானது. "பொண்ணுக்குக் காவி என்று வந்தால் யார் கட்டுவான்?" இந்தப் பயத்தை நாம் லேசாக எடுக்கவில்லை. பழி எப்போதும் பொண்ணின் தலையில்தான் விழுகிறது. அதனால்தான் சொல்கிறோம்: முதலில் மாப்பிள்ளை சோதிக்கட்டும். அவர் காவி இல்லையென்றால் பொண்ணிடம் இதைப் பற்றிக் கேட்கவே தேவையில்லை. அவர் காவி என்றால் அந்த விடயம் அவருக்குச் சொந்தமானது. சம்பந்தம் உறுதியாகுமுன் அவர் சொல்லட்டும். கடைத்தெருவில் யாரும் பேசத் தேவையில்லை.

மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, உயர்தரம் முடித்த ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சம்பந்தம் எதுவும் வருமுன்னரே அரச வைத்தியசாலையில் விசாரித்துச் சோதித்துக்கொள்ளுங்கள். முதலில் சாதாரண முழுமையான குருதிப் பரிசோதனை. செங்குழியங்கள் சிறிதாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைபாடா தலசீமியாவா என்று அடுத்த பரிசோதனை சொல்லும்.

இரண்டு, மே 8 உலக தலசீமியா தினம். அடுத்த முறை அதை ஒட்டி பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் நிர்வாகம், லூர்து அன்னை ஆலயத்தார் எல்லோரும் சேர்ந்து வைத்தியர் ஒருவரை அழைத்துக் கூட்டம் வையுங்கள். இந்த நோய்க்கு மதம் தெரியாது. பாடசாலையிலிருந்து செய்ய வேண்டியதை நாங்கள் செய்வோம், இன்ஷா அல்லாஹ். இரத்ததான முகாம் வரும்போது கையை நீட்டுங்கள். அந்தப் பிள்ளைகள் வாழ்வது நமது இரத்தத்தில்.

மூன்று, உயிரியல் பிரிவில் படிக்கும் பிள்ளைகளுக்கு. டொக்டர் என்றால் கிளினிக்கும் கையொப்பமும் மட்டும் என்று நினைக்காதீர்கள். கொழும்பு மருத்துவ பீடத்தில் பேராசிரியர் ரொஹான் ஜயசேகர 1983இல் மனித பிறப்புரிமையியல் அலகைத் தொடங்கினார். இன்று பட்டப்பின் படிப்பையும் அங்கேயே படிக்கலாம். நமது மொழியில், நமது வீட்டு உம்மாமாருக்கு இந்த நோயை விளங்கப்படுத்தக்கூடிய ஒரு வைத்தியர் இந்த மாவட்டத்திலிருந்து வர வேண்டும்.

கூர்க்காப் படையின் மானத்துக்குப் பயந்து அந்தக் கட்டுரையை வெதரோல் எழுதாமல் விட்டிருந்தால் படைக்கு ஒரு நன்மையும் வந்திருக்காது. மறைப்பதால் நமது குடும்பங்களுக்கும் ஒரு நன்மையும் வராது.

உங்கள் கருத்துகளைக் கீழே எழுதுங்கள். யாருடைய குடும்பப் பெயரையும் தயவு செய்து குறிப்பிடாதீர்கள். அல்லாஹ் நமது பிள்ளைகள் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.