ஹென்றியின் காயம்

ஸ்டீபன் கிரேன் 1895-இல் வெளியிட்ட 'தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்' என்னும் நவீனம் அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தைப் பற்றியது. ஆசிரியர் பிறந்ததோ அப்போர் முடிந்து ஆறாண்டு கழித்து, 1871-இல்!

போர் மூண்டால் ஓடிவிடுவேனோ என்று தன்னையே ஐயுற்ற ஹென்றி பிளெமிங் என்னும் வாலிபன், அவ்வாறே ஓடியும் விடுகிறான். ஓடிவந்த மற்றொரு சிப்பாயின் துப்பாக்கிக் கட்டையால் பட்ட அடியைக் குண்டுக்காயமென அவனே தோழரிடம் பொய்யுரைக்க, அவரும் அதனை நம்புகின்றனர். மறுநாள் கொடியேந்திப் போர்புரிகிறான். ஆண்டே அவன் தன்னை உணர்ந்தான் என்பர் பலர்.

யான் உடன்படேன். எங்கே காயமென்று பரிவுடன் வினவிய கந்தலுடைச் சிப்பாயொருவனை, அவன் சாகுந்தறுவாயிலிருக்க, வயல்வெளியில் தனியே விட்டகன்றவன் ஹென்றி. வெற்றிக்குப்பின் நடந்து செல்கையில் அந்நினைவு அவனை வாட்டுகிறதன்றோ? அச்சில கணங்களிலேதான் அவன் தன்னைக் கண்டான். விரைவில் அதனையும் அப்பால் ஒதுக்கிவிடுகிறான். அவ்விடத்து ஆசிரியர் அவனை மெச்சுகிறாரா, எள்ளுகிறாரா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.