கடைசி மின்கம்பத்து வீடு

மலேசியாவில் சூறாவளி நேரடியாகக் கரையைக் கடப்பது மிக அரிது. அதனால், புயல் என்பது பிற நாட்டுச் செய்தி என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். கெடா மக்களைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் பருவக்காற்று திசை மாறும். அப்போது பகலெல்லாம் வெயில் கொளுத்தும். மாலையில் இடி மின்னலுடன் பெருங்காற்று வீசும். மே முதல் செப்டம்பர் வரை, ‘சுமத்ரா’ எனப்படும் பலத்த காற்று மலாக்கா நீரிணையைக் கடந்து, பெரும்பாலும் விடியற்காலையில் மேற்குக் கரையைத் தாக்கும். 2024 ஆம் ஆண்டு செப்டம்பர் நடுவில் வீசிய காற்றில் வட மாநிலங்களில் மரங்கள் வேரோடு சாய்ந்தன, கூரைகள் பறந்தன, பல இடங்களில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது.

காற்று அரை மணி நேரத்தில் ஓய்ந்துவிடலாம். அது அறுத்துப் போட்ட மின்கம்பி அவ்வளவு விரைவில் சீராவதில்லை. ஒரு குடும்பத்தின் உண்மையான சோதனை காற்று ஓய்ந்த பிறகுதான் தொடங்குகிறது. அந்தச் சோதனையை எந்தக் குடும்பமும் தனித்து நின்று வெல்ல முடியாது. ஒரு லயமோ ஒரு தாமானோ ஒன்றுசேர்ந்து முன்கூட்டியே திட்டமிட்டால்தான் வெல்ல முடியும் என்பதே என் கருத்து.

மின்தடை எல்லாருக்கும் பொதுவானதுதானே என்று சிலர் கேட்கலாம். அது எல்லாரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. மின் நிலையத்தில் உற்பத்தியாகும் மின்சாரம் உயரழுத்தக் கம்பிகளின் வழியே துணைமின் நிலையங்களுக்கு வருகிறது. அங்கிருந்து கிளை கிளையாகப் பிரிந்து வீடுகளை அடைகிறது. புயலுக்குப் பின், பழுது பார்ப்பவர்கள் முதலில் பெரிய கம்பிகளைச் சீர்செய்வார்கள். மருத்துவமனை, நீரேற்று நிலையம் போன்றவற்றுக்கு முன்னுரிமை தருவார்கள். பிறகு, ஒரே இணைப்பில் ஆயிரக்கணக்கான வீடுகள் உள்ள நகரப் பகுதிகளைக் கவனிப்பார்கள். உலகெங்கும் பொதுவாகப் பின்பற்றப்படும் முறை இது. இதில் தவறில்லை. ஆனால், ரப்பர் மரங்களுக்கும் செம்பனைகளுக்கும் நடுவே பல கிலோமீட்டர் ஓடி, இருபது முப்பது வீடுகளில் முடியும் கம்பியின் முறை கடைசியில்தான் வரும். சுங்கை பட்டாணி நகரத்தில் விளக்கு எரிந்த பிறகும், உள்ளே தள்ளியிருக்கும் தோட்டம் இருளில் காத்திருக்க நேரிடலாம்.

அப்படியொரு தோட்டத்துக் குடும்பத்தை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். பாட்டிக்கு நீரிழிவு நோய். அவருடைய இன்சுலின் குளிர்பெட்டியில் இருக்கிறது. அம்மாவின் மடியில் ஆறு மாதக் குழந்தை. அப்பா கூலிம் தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் சென்றிருக்கிறார். அண்ணன் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். மின்சாரம் போனதும் விசிறி நிற்கிறது. தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் நிற்கிறது. மறுநாள் காலையில் கைப்பேசியும் அணைந்துவிடுகிறது. வெயில் ஏற ஏறத் தகரக் கூரையின் கீழ் புழுக்கம் கூடுகிறது. கெடாவின் அண்டை மாநிலமான பெர்லிசில், சுப்பிங் என்னும் ஊரில் 1998 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆம் நாள் 40.1 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவானது. நம் நாட்டின் வட பகுதியின் வெயில் எப்படிப்பட்டது என்பதற்கு இதுவே சான்று. இத்தகைய வெயிலில் விசிறியில்லாத வீட்டுக்குள் முதியவரும் கைக்குழந்தையும்தான் முதலில் வாடுவார்கள்.

முன்பு பல தோட்டங்களில் ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரம் மட்டுமே லயங்களில் விளக்கு எரிந்தது. அக்காலத்தில் தண்ணீர் கிணற்றிலோ பொதுக்குழாயிலோ கிடைத்தது. சமையல் விறகடுப்பில் நடந்தது. மின்சாரம் இல்லாவிட்டால் வெளிச்சம் மட்டும்தான் போகும். இன்றோ தண்ணீர், சமையல், மருந்து, தொடர்பு அனைத்தும் ஒரே கம்பியில் தொங்குகின்றன. வசதி பெருகியதில் மகிழ்ச்சிதான். ஆனால், அந்த ஒரு கம்பி அறுந்தால் என்ன செய்வது என்பதை நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

இருளால் வரும் ஆபத்தை உலகம் பெரிய விலை கொடுத்தே அறிந்தது. 2017 ஆம் ஆண்டு செப்டம்பரில் ‘மரியா’ சூறாவளி கரிபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியது. தொடக்கத்தில் 64 பேர் இறந்ததாக அரசு கூறியது. அடுத்து வந்த மாதங்களின் இறப்புகளையும் ஆராய்ந்த பிறகு, அந்த எண்ணிக்கை 2,975 ஆகத் திருத்தப்பட்டது. தீவு முழுவதற்கும் மின்சாரம் திரும்ப ஏறத்தாழ 11 மாதங்கள் ஆயின. காற்று ஓய்ந்த பின் மின்சாரமும் மருத்துவ வசதியும் இல்லாமல் இறந்தவர்கள் ஏராளம். 2024 ஆம் ஆண்டு ஜூலையில் ‘பெரில்’ சூறாவளியால் அமெரிக்காவின் ஹியூஸ்டன் பகுதியில் 22 இலட்சத்திற்கும் மேற்பட்ட இணைப்புகள் மின்சாரத்தை இழந்தன. கோடை வெப்பம் தாங்காமல் வீட்டுக்குள்ளேயே சிலர் உயிரிழந்தார்கள்.

“ஒரு ஜெனரேட்டர் வாங்கிவிட்டால் போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாக் குடும்பங்களாலும் அதை வாங்க முடியாது. வாங்கினாலும், வீட்டுக்குள்ளோ அஞ்சடியிலோ சன்னல் ஓரத்திலோ வைத்து இயக்கினால் அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறித்துவிடும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் விழிக்காமலேயே இறந்துவிடலாம். பணம் கொடுத்து வாங்கும் கருவி, அறிவோடு பயன்படுத்தாவிட்டால் பகையாகிவிடும்.

கருவி இல்லாத ஊர்கள் கூட்டு முயற்சியால் சமாளித்ததுண்டு. 2018 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள் ‘கஜா’ புயல் தமிழ்நாட்டின் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. இலட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கேரளத்திலிருந்தும் மின் பணியாளர்கள் வந்து உதவினார்கள். மின்சாரம் வரும்வரை பல சிற்றூர்களில் மக்கள் ஒன்றுகூடிப் பொதுவில் சமைத்து உண்டார்கள். வாடகைக்கு ஜெனரேட்டர் பிடித்துக் குடிநீர்த் தொட்டியை நிரப்பினார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது இதுதான்.

நம் லயங்களிலும் தாமான்களிலும் இதைப் புயலுக்கு முன்பே செய்யலாம். முதல் வேலை, ஒரு தாளில் ஒரு பட்டியல். எந்த வீட்டில் தனியாக வாழும் முதியவர் இருக்கிறார்? யாருக்கு இன்சுலின் தேவை? யார் உயிர்வளிக் கருவியை நம்பி வாழ்கிறார்? யாரிடம் கார் இருக்கிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தால், மின்சாரம் போன முதல் மணி நேரத்தில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும். இளைஞர்கள் இப்பொறுப்பை ஏற்கலாம். தோட்டத்தில் தமிழ்ப்பள்ளியோ கோயில் மண்டபமோ இருந்தால், அங்கே சூரிய ஒளியால் இயங்கும் விளக்கையும் கைப்பேசிக்கு மின்னேற்றும் வசதியையும் அமைக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவையும் உண்டு. அறுந்து கிடக்கும் கம்பியின் அருகே செல்லக்கூடாது. அதில் மின்சாரம் ஓடுவதாகவே கருதி, தெனாகா நேஷனலின் 15454 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். குளிர்பெட்டியை அடிக்கடி திறக்கக்கூடாது. மூடியே வைத்தால் உள்ளிருக்கும் உணவு ஏறக்குறைய நான்கு மணி நேரம் கெடாது. பயன்பாட்டில் உள்ள இன்சுலினைப் பொதுவாக நான்கு வாரம் வரை குளிர்பெட்டிக்கு வெளியே வைக்கலாம். ஆனால், 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் அதைக் கெடுக்கக்கூடும். ஆகவே, அதை எங்கே, எப்படி வைப்பது என்பதைச் சுகாதார நிலையத்தில் முன்பே கேட்டு வைப்பது நல்லது. மெழுகுவத்திக்குப் பதிலாகக் கைவிளக்கைப் பயன்படுத்தினால் தீ விபத்துக்கு இடமில்லை.

மக்கள் தயாராக இருக்க வேண்டும் என்பதால் பொறுப்பில் உள்ளவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று பொருளல்ல. கம்பியின் மேல் சாயும் கிளைகளைப் பருவக்காற்று மாறுவதற்கு முன்பே வெட்டுவது மின் நிறுவனத்தின் கடமை. தோட்ட நிர்வாகமும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். வீடுகள் குறைவு என்பதற்காக ஒரு கம்பியின் பராமரிப்பும் குறைந்துவிடக்கூடாது. மின்கட்டணம் நகரத்து வீட்டுக்கும் தோட்டத்து வீட்டுக்கும் ஒன்றுதான்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். காற்றை நம்மால் தடுக்க முடியாது; சில வேளைகளில் கம்பி அறுவதையும் தடுக்க முடியாது. ஆனால், கடைசி மின்கம்பத்துக்கு அருகில் உள்ள வீட்டில் யார் இருக்கிறார், அவருக்கு என்ன தேவை என்பதை இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். அதற்கு மின்சாரம் தேவையில்லை.