கசிந்ததா, கொட்டியதா?

ஆங்கிலத்தில் தேநீர் 'ஸ்ட்ராங்' ஆக இருக்கும். மழை 'ஹெவி' ஆகப் பெய்யும். அடைகளை இடம் மாற்றிச் சொன்னால் இலக்கணம் கெடாது. ஆனால் ஆங்கிலேயர் காதில் உறுத்தும். சொற்கள் இவ்வாறு துணை தேடிக்கொள்வதை ஜே.ஆர். ஃபெர்த் என்ற மொழியியலாளர் 1950களில் 'காலகேஷன்' என்னும் பெயரில் ஆய்வுப் பொருளாக்கினார். இன்று இராயபுரத்துப் பிள்ளைகளும் திருவொற்றியூர்ப் பிள்ளைகளும் நேர்முகத் தேர்வுக்காக இந்த இணைகளை உருப்போடுகிறார்கள். அதில் நமக்கு மறுப்பில்லை. பிழைப்புக்கு வேண்டிய கல்வி அது.

நம் வருத்தம் வேறு. இதே செய்தியை நம் இலக்கணம் வினைமரபு, ஒலிமரபு என வகுத்து வைத்திருக்கிறது. கூடை முடைவர், சுவர் எழுப்புவர், யானை பிளிறும், காகம் கரையும். பிறழ்ந்தால் மரபு வழு. தொல்காப்பியரோ ஒரு பொருளைக் கேட்பவன் இழிந்தோனாயின் 'ஈ', ஒப்போனாயின் 'தா', உயர்ந்தோனாயின் 'கொடு' என்று, சொல்லுக்கும் சொல்பவனுக்கும் உள்ள உறவையே விதியாக்கினார். இவற்றையெல்லாம் ஒரு மதிப்பெண் வினாவாகச் சுருக்கிவிட்டோம். அதன் விலையை எண்ணூரில் காணலாம்.

2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் இரு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றே துறைமுகத் தரப்பு முதலில் அறிவித்தது. எர்ணாவூர்க் கரையில் கறுப்புச் சேறாக ஒதுங்கிய எண்ணெயை மீனவர்களும் மாணவர்களும் வாளி வாளியாக அள்ளினார்கள். நாளேடுகள் அதை 'எண்ணெய்க் கசிவு' என்றன. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படகையும் வலையையும் அலையாத்தி மரங்களையும் மூடியது. அதுவும் 'கசிவு'. அதே மாதம் 26ஆம் நாள் இரவு, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வெளியேறி, மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினர். அதுவும் 'கசிவு'.

ஆங்கிலத்தில் வாயு 'லீக்' ஆகும். எண்ணெய் 'ஸ்பில்' ஆகும். அந்த மொழி பிரித்து வைத்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்த பெருமை நம் செய்தித் தமிழுக்கே உரியது. குழாயில் விரிசல் கண்டு வாயு கசிந்தது என்றால் ஒப்பலாம். எண்ணெய் கசிந்ததா? மண்பானை கசியும், சுவரில் ஈரம் கசியும், கண் கசியும், அடியார் உள்ளம் கசியும். மெல்ல, தானாக, செய்தவர் என ஒருவர் இன்றி நிகழ்வதே கசிவு. கசிந்ததைத் துணியால் ஒற்றி எடுக்கலாம். வாளியால் அள்ளவேண்டி வந்தது கசிந்ததல்ல, கொட்டியது.

ஆங்கிலத்தை இன்னும் துல்லியமாக மொழிபெயர்த்தால் போதும் என்று சிலர் சொல்லக்கூடும். போதாது. மேசையில் காப்பி சிந்தினாலும் 'ஸ்பில்', கடலில் டன் கணக்கில் எண்ணெய் பரவினாலும் 'ஸ்பில்'. அந்த இணையே பாதி மழுப்பல். வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லை ஏன் கிளற வேண்டும் என்பார் வேறு சிலர். ஹார்பரும் லாஞ்சும் கன்டெய்னரும் இந்தக் கரையின் வழக்கில் ஊன்றிய சொற்கள்தாம். அவற்றை நாம் எதிர்க்கவில்லை. அவை வேலை செய்கிறவர்கள் வாயில் பிறந்தவை. 'எண்ணெய்க் கசிவு' அறிக்கை எழுதுகிறவர்களுக்கே வசதியான சொல். 'எண்ணெய் கொட்டியது' என்று எழுதிப் பாருங்கள்: எங்கிருந்து, எவ்வளவு, யார் கொட்டியது என்ற கேள்விகள் உடனே எழும். 'கசிவு' என்ற பெயர்ச்சொல்லில் அந்தக் கேள்விகள் நுழைய இடமே இல்லை. இழப்பீடு கேட்டு நிற்கும் மீனவரின் மனுவிலும் இந்தச் சொல்லே ஏறிவிட்டால், அவர் தம் இழப்பைத் தாமே சிறிதாக்கி எழுதியவர் ஆகிறார்.

இதழாசிரியர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் சிறியது: கொட்டியதைக் கொட்டியது என்றே அச்சிடுங்கள். தமிழாசிரியர்களாகிய நம் பங்கும் உண்டு. அடுத்த தேர்வில் 'கூடை முடைந்தான்' என்பதற்குக் கீழே 'கடலில் எண்ணெய் —' என்றொரு கோடிட்ட இடம் விடுவோம். எண்ணூர்ப் பிள்ளைகள் அதைச் சரியாகவே நிரப்புவார்கள்.