முதலில் செப்பனிடுவோம், பிறகு அழகூட்டுவோம்

2011இல் வெளிவந்த ஸ்கைரிம் விளையாட்டைக் கணினியில் புதிதாகத் தொடங்குபவனிடம் நூறு மோடுகள் கொண்ட பட்டியலை நீட்டுகிறார்களே, இது முறைதானா? அரிச்சுவடி பயில்பவன் தலையில் அகராதியை ஏற்றுவதற்கு ஒப்பானது இது. ஆட்டம் முடங்கினால் எந்த மோடு பழுதென்று அவன் எங்ஙனம் அறிவான்? சலித்துக் கைவிடுவான்.

பிழை களையும் அன்அஃபீஷியல் பேட்ச், பொருட்பட்டியலைச் சீராக்கும் ஸ்கையுஐ, அது இயங்கத் தேவையான எஸ்கேஎஸ்இ ஆகியவையே தொடக்கத்திற்குப் போதும். மூல ஆட்டத்தின் சுவையை உணர்ந்தபின் ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சோதிக்கட்டும்.

பெற்றோரே, அமெரிக்கத் தரமதிப்பீடு இவ்விளையாட்டை 17 அகவை நிரம்பியோர்க்கே உரியதென்கிறது. இரசிகர்கள் ஆக்கும் மோடுகளுக்கோ அம்மதிப்பீடும் இல்லை. பட்டியலைத் தருபவர் பொறுப்பேற்க மாட்டார். நாம்தாம் ஏற்க வேண்டும்.