ஆராய்ச்சிக் கூடத்தில் நமக்கும் ஒரு ஸ்டூல்



ஆராய்ச்சி என்று வாயெடுத்தாலே "அது யுனிவர்சிட்டிக்காரங்க சமாச்சாரம்ப்பா" என்று நாம் நகர்ந்து விடுகிறோம். மலருக்கு இதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்றதும் என் அறைத் தோழன், "காதல் கவிதை எழுதுடா, நாலு பேராவது படிப்பாங்க" என்றான். இருக்கட்டும்.

1897-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தார் என்று எழுதி எல்லோரும் மார்க் வாங்கியிருக்கிறோம். அந்தச் சோதனைக் குழாய்களை ஊதிச் செய்த கை யாருடையது? எபினேசர் எவரெட் என்ற உதவியாளருடையது. தாம்சனுக்குக் கைவேலை வராது. கருவியைத் தொட்டால் உடைத்து விடுவாரோ என்று எவரெட் அவரைக் கிட்டவே விடமாட்டாராம்! அதே சோதனையை முன்பே செய்த ஹெர்ட்ஸ், மின்புலத்தில் கதிர் வளையவில்லை என்று முடிவு கட்டியிருந்தார். அவர் குழாயில் காற்று சரியாக வெளியேறவில்லை. கேவண்டிஷ் குழாயில் காற்றை இன்னும் நன்றாக வெளியேற்றினார்கள், கதிர் வளைந்தது. 1906-இல் தாம்சனுக்கு நோபல் பரிசு. லீக் இல்லாத கண்ணாடி வேலையும் பம்ப் வேலையும் இல்லாமல் இது நடந்திருக்குமா, சொல்லுங்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 2020-21-இல் மொத்த உற்பத்தி மதிப்பில் 0.64 சதவீதம்தான் நாம் ஆராய்ச்சிக்குச் செலவழித்தோம். தென் கொரியா 4 சதவீதத்துக்கும் மேல். 2023-இல் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சட்டம் போட்டு, ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள். நல்லது, வரட்டும். கருவி வாங்கட்டும். வாங்கிய கருவியை யார் ஓட்டுவது?

போன செமஸ்டரில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விசிட் போனோம். விலை உயர்ந்த மெஷின் ஒன்று துணி போர்த்திக் கிடந்தது. பம்ப் ஆயில் மாற்றாமல் ஓட்டி, ஏதோ கெட்டு, எட்டு மாதமாகக் கம்பெனி ஆளுக்குக் காத்திருக்கிறார்கள். அதை நம்பி பி.எச்.டி. செய்யும் அக்கா ஒருவர், "உதவித்தொகை முடியப் போகுது தம்பி, இன்னும் ஒரு ரீடிங்கூட எடுக்கல" என்றார். பழகிய டெக்னீஷியன் ஒருவர் இருந்தாராம். புராஜெக்ட் முடிந்தது, அவரையும் வீட்டுக்கு அனுப்பி விட்டார்கள்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். மூட்டை தூக்கும் என் அப்பா, "படிச்சவன் கையில கிரீஸ் படக்கூடாதுடா" என்பார். அவர் பட்ட பாடு அப்படிப் பேச வைக்கிறது. ஆனால் பல்கலைக்கழகங்களும் அதே மாதிரி நினைத்தால் எப்படி? மூளைக்கு நிரந்தரப் பதவி, கைக்கு ஆறு மாதக் காண்டிராக்ட்!

பெரிய கருவி வாங்கும்போதே அதைப் பார்த்துக் கொள்ள டிப்ளமோ படித்த ஒருவருக்கு நிரந்தர வேலையும் பயிற்சியும் கொடுக்க வேண்டும். கருவியின் விலையோடு பார்த்தால் அவர் சம்பளம் பெரிய செலவில்லை. "பாலிடெக்னிக் பையனுக்கு இது புரியுமா?" என்று கேட்பவர்கள் நம் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு நாள் வரட்டும்.

நம் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு இன்பிளாண்ட் டிரெயினிங்கிற்குக் கம்பெனிகளுக்கு மட்டுமே கடிதம் போகிறது. இந்த முறை பக்கத்துப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.